ஹஜ்ஜாரா, நஜ்ஜாரா

நஸ்ரி ஹஜ்ஜார் பெய்ரூத்தில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். உள்நாட்டுச் சண்டை ஊரைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிளந்த பிறகும் அவர் இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டிருந்தார். கிழக்கே கிறிஸ்தவர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் சரி, மேற்கே முஸ்லிம்கள் கட்டடத்தில் நின்றாலும் சரி, ஏழாவது மாடிக்குத் தண்ணீர் கேன் தூக்கிச் சலித்தவர்கள் அவரைத்தான் தேடினார்கள்.

“கரண்டே ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்தான். இதுல லிஃப்ட் ஓடி யாருக்கு என்ன?” என்பாள் அவர் மனைவி ஓடெட்.

“அந்த நாலு மணி நேரத்துல ஊரே ஏறி இறங்குது. அதனாலதான் கெட்டுப்போகுது” என்பார் அவர்.

எண்பத்தைந்தாம் ஆண்டு அக்டோபரில் மேற்கே ஹாஜி அபூ ரியாத்தின் கட்டடத்துக்குப் போனார். வேலை முடியவில்லை, ஒரு பாகம் வேண்டியிருந்தது. திரும்பும் வழியில் துப்பாக்கிக்காரர்கள் இருவர் காரை நிறுத்தினார்கள். அடையாள அட்டையில் மதம் என்ற இடத்தைப் பார்த்தார்கள். தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்துக் கொண்டுபோனார்கள்.

ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில், கார் நிறுத்தும் இடத்தைச் சுவர் வைத்துத் தடுத்த அறைகளில் ஒன்றில் அடைத்தார்கள். கூட மூன்று பேர். பக்கத்து அறைகளில் யார், எத்தனை பேர் என்று தெரியாது. தினமும் ரொட்டியும் வேகவைத்த உருளைக்கிழங்கும் வந்தன. மேலே லிஃப்ட் ஓடும் சத்தம் கேட்கும். மூன்றாவது மாடி தாண்டும்போது ஒருமுறை முனகும். எண்ணெய் கேட்கிறது என்று நஸ்ரி மனதுக்குள் சொல்லிக்கொள்வார்.

பத்தொன்பதாம் நாள் காலையில் காவல்காரன் கதவைத் திறந்தான். அவனுக்குக் கடும் சளி. மூக்கடைத்த குரலில் ஒரு பெயரைச் சொன்னான். “நஸ்ரி” என்பது தெளிவாகக் கேட்டது. அடுத்ததில் முதல் எழுத்து சளியில் போய்விட்டது, “...ஜ்ஜார்” என்பது மட்டும் வந்தது. நஸ்ரி எழுந்து நின்றார்.

“வா” என்றான்.

அன்று பத்துப் பேரைக் கைமாற்றினார்கள். ஊரின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே இருந்த கடவையில், மணல் மூட்டைகளுக்குப் பக்கத்தில், நிவாரண அமைப்புப் பெண் ஒருத்தி பட்டியலோடு நின்றாள்.

“நஸ்ரி நஜ்ஜார்?”

“ஹஜ்ஜார்மா.”

“வயர்லெஸ்ல சொன்னதைக் கேட்டு எழுதினது. ஒரு எழுத்து மாறியிருக்கும். கையெழுத்துப் போடுங்க, சீக்கிரம். மறுபடி சுட ஆரம்பிச்சிருவாங்க.”

போட்டார். கிழக்கே நாலு எட்டு வைத்ததும் கையில் பழுப்புக் கோட்டோடு ஒரு பெண் எதிரே ஓடிவந்தாள்.

“நஸ்ரி எங்க?”

“நான்தாம்மா நஸ்ரி.”

அவள் அவரைப் பார்த்தாள். அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். “நீங்க இல்ல. என் வீட்டுக்காரர். நஸ்ரி நஜ்ஜார். நஜ்ஜார்னா தச்சர், ஆனா ஓட்டுறது டாக்ஸி. இன்னிக்கு வர்றார்னு சர்ச் சாமியார் சொல்லி அனுப்பினாரே.”

நஸ்ரியின் வீட்டிலிருந்து யாரும் வந்திருக்கவில்லை. யாரும் ஓடெட்டுக்குச் சொல்லியிருக்கவே இல்லை. அவர் பட்டியல்காரியிடம் திரும்பி ஓடினார்.

“நான் திரும்பப் போயிடவா?”

“போனா ரெண்டு பேரையும் வெச்சுக்குவாங்க” என்றாள் அவள்.

அந்தப் பெண்ணின் பெயர் லோரிஸ். கடவையை மூடும்வரை அவள் நகரவில்லை. பத்து நிமிட நடையில் வீடு இருந்தும் நஸ்ரியும் அவள் பக்கத்தில் நின்றார். எதற்கு நிற்கிறோம் என்று அவருக்கே புரியவில்லை. நாலு மணிக்கு அவள், “நீங்க போங்க. உங்களுக்கும் வீட்ல ஆள் இருக்கும்ல” என்றாள்.

ஓடெட் அழுது முடித்து, கதையைக் கேட்டாள். “கூப்பிட்டாங்க, எழுந்தே. இதுல உன் தப்பு என்ன?”

“யாரைக் கூப்பிட்டாங்கன்னுதான் தெரியல.”

அடுத்த வாரம் எப்படியோ லைன் கிடைத்து ஹாஜி அபூ ரியாத் தொலைபேசியில் வந்தார். “மேஸ்திரி, நான்தான் உன் பேரைச் சொல்லிவிட்டேன். எங்கம்மா நாலு மாசமா கீழ இறங்கல, லிஃப்ட் மேஸ்திரியை விடுங்கடான்னு சண்டை போட்டேன். சரி ஹாஜி, விடுறோம்னாங்க.”

“என்னைக்குச் சொன்னாங்க?”

“செவ்வாயோ, புதனோ.”

நஸ்ரியை விட்டது வியாழன். அப்படியானால் கூப்பிட்டது அவரைத்தான். அப்படியானால் சாமியார் சொன்னது? ஒரு நாள் ஹஜ்ஜார்தான் என்று நிம்மதியாகச் சாப்பிட்டார். மறுநாள் நஜ்ஜார்தான் என்று தோன்றிச் சாப்பாடு இறங்கவில்லை. ஹாஜி சொன்னதை லோரிஸிடம் போய்ச் சொன்னார்.

“ரெண்டு பேரையும் விடச் சொல்லியிருக்கலாம்” என்றாள் அவள்.

“ஒரு தடவைதான் கூப்பிட்டாங்க, லோரிஸம்மா. நான் எழுந்ததும் கதவைச் சாத்திட்டாங்க.”

அவள் காபி ஊற்றிக் கொடுத்தாள். அதன் பிறகு மாதம் ஒருமுறை போனார். பேச ஒன்றும் இருக்காது. குழாய் ஒழுகினால் சரிசெய்வார். ஓடெட்டுக்கு அது பிடிக்கவில்லை. “அந்தம்மா உன்னைப் பார்க்கிறப்ப யாரைப் பார்க்குது?” என்று ஒருமுறை கேட்டாள்.

சண்டை ஓய்ந்து பாதைகள் திறந்த மறு வருடம், மேற்கே முன்பின் அறியாத ஒரு கட்டடத்துக்கு வேலைக்குக் கூப்பிட்டார்கள். லிஃப்டில் ஏறினார். மூன்றாவது மாடி தாண்டும்போது அது முனகியது. அடித்தள அறையில் கேட்ட அதே முனகல். அப்படியே கீழே இறங்கி, லோரிஸுக்கு ஆள் அனுப்பி, அவள் வரும்வரை வாசலில் காத்திருந்தார்.

பழைய காவல்காரன் இப்போது அந்தக் கட்டடத்துக்கே வாட்ச்மேன். ஒளிக்கவில்லை. “ஆமா, நீங்க இங்க இருந்தீங்க” என்று இரண்டு நாற்காலி இழுத்துப் போட்டான்.

“அன்னிக்கு யார் பேரைக் கூப்பிட்டீங்க? ஹஜ்ஜாரா, நஜ்ஜாரா?”

“நஸ்ரியை அனுப்புன்னு மேலயிருந்து சொன்னாங்க. முழுப் பேரும் சொல்லியிருப்பாங்க, இப்ப ஞாபகமில்ல. எனக்குத் தெரிஞ்ச நஸ்ரி நீங்க ஒருத்தர்தான்.”

“பக்கத்து அறையில?”

“அங்க ஒருத்தர் இருந்தார். டாக்ஸின்னுதான் கூப்பிடுவோம். பேரு கேட்டதில்ல.”

“அவர் உருளைக்கிழங்கு சாப்பிடுவாரா?” என்று கேட்டாள் லோரிஸ்.

அவன் யோசித்தான். “இல்லம்மா. தொடவே மாட்டார். ரொட்டியை மட்டும் எடுத்துக்கிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார்.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். டாக்ஸியை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள், அது நஸ்ரி போனதற்கு முன்னாலா பின்னாலா என்று தனக்கு நினைவில்லை, எங்கே என்றும் தெரியாது என்றான் அவன். அவனைத் திட்ட வேண்டும் என்று நஸ்ரிக்குத் தோன்றியது. திட்டு வரவில்லை.

காணாமல் போனவர்களைப் பதிகிற அலுவலகத்துக்கு இருவரும் போனார்கள். குமாஸ்தா கோப்பைப் புரட்டினார். “நஸ்ரி நஜ்ஜார் விடுதலை ஆயிட்டாரே. கையெழுத்து இருக்கு பாருங்க.”

“அது என் கையெழுத்து” என்றார் நஸ்ரி.

“நீங்க?”

“நஸ்ரி ஹஜ்ஜார்.”

குமாஸ்தா இன்னொரு பட்டியலில் விரல் ஓட்டினார். “நஸ்ரி ஹஜ்ஜாரைக் காணோம்னு அவர் சம்சாரம் எழுதிக் கொடுத்திருக்காங்க. அதை யாரும் ரத்து பண்ணல. எங்க கணக்குல நீங்க இன்னும் வந்து சேரல.”

மறுநாள் ஓடெட்டே வந்தாள். கைப்பையை மேசையில் வைத்தாள். “இவர் தினமும் என் வீட்ல சாப்பிட்டுக் குறை சொல்றார். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் உங்களுக்கு? இவர் பேரை அடிச்சிட்டு அந்தம்மா வீட்டுக்காரர் பேரை எழுதுங்க.”

அவர் லோரிஸைப் பார்க்கப் போவதே பிடிக்காதவள் இப்படிப் பேசியது நஸ்ரிக்குப் புரியவில்லை.

விண்ணப்பம் பல மேசைகளுக்குப் போய்வந்து ஒன்றரை வருடம் கழித்து நஸ்ரி நஜ்ஜார் காணாமல் போனவர்களில் ஒருவர் ஆனார். தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் லோரிஸ் அதை இரண்டு முறை படித்தாள்.

“அவர் வந்துட்டார்னு எழுதியிருந்ததை நானே அடிக்க வெச்சிட்டேன். செஞ்சது சரியா, மேஸ்திரி?”

“எனக்குத் தெரியலம்மா” என்றார் நஸ்ரி.

அவள் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். இருவரும் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்கள்.