இருபதாயிரம் வருடக் காதலுக்குக் குரல் கொடுத்தவள்

ஸ்டுடியோவில் அவளை எல்லோரும் அழுகை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் கேலி எதுவும் இல்லை. டப்பிங்கில் சிரிக்கத் தெரிந்தவர்கள் நிறைய உண்டு, நம்பும்படி அழத் தெரிந்தவர்கள் குறைவு. அவளுக்கு அது கைவந்த கலை. தொண்டையை லேசாக இறுக்கி, மூச்சைப் பாதியில் நிறுத்தி, கடைசி எழுத்தை மட்டும் உடைக்க வேண்டும். அவள் கண்ணில் ஒரு சொட்டு வராது. கேட்பவர்களுக்கு வந்துவிடும்.

நாற்பத்து நான்கு வயதில் அவளுக்கு ஒரு சீனத் தொடரின் நாயகிக்குப் பேசும் வேலை கிடைத்தது. நாயகிக்கு இருபதாயிரம் வயது, பார்வைக்கு இருபது. மேகங்களுக்கு மேலே உள்ள ஒரு ராஜ்யத்தில் மூலிகைத் தோட்டம் பார்த்துக்கொள்ளும் தேவதை. அவள் காதலிப்பது வானுலகின் போர்த் தளபதியை. அவன் சிரிக்க மாட்டான், அதிகம் பேசவும் மாட்டான், ஆனால் அவளுக்காக மூன்று தடவை சாவான். மொத்தம் அறுபது எபிசோடு.

தினமும் காலை ஒன்பது மணிக்கு அவள் மைக் முன்னால் நிற்பாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் உட்கார்ந்திருப்பார். திரையில் சீன வாய் சட்டென்று மூடிக்கொள்ளும், தமிழ் வாக்கியமோ முடிந்திருக்காது. "எத்தனை யுகமானாலும் உனக்காகக் காத்திருப்பேன்" என்று தாளில் இருக்கும். உதடு அசையும் நேரத்துக்குள் "காத்திருப்பேன்" மட்டும்தான் அடங்கும்.

"போதும்க்கா. யாருக்காகன்னு படத்துலயே தெரியுதே" என்பார் ஒலிப்பதிவாளர்.

தளபதிக்குக் குரல் கொடுப்பவர் மதியத்தில் வந்து தன் பங்கைத் தனியாகப் பேசிவிட்டுப் போவார். யுக யுகமாகக் காதலித்தவர்கள் ஒரே ஒரு நாள் மாடிப்படியில் சந்தித்தார்கள். அவர் டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார். "வணக்கம்க்கா" என்றார். பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்துவிட்டது.

டப்பிங் தொடங்கிய மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கணவன் அலமாரியிலிருந்து தன் சட்டைகளை எடுத்துப் பையில் வைத்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். வெளியூர் வேலை வந்திருக்கிறது என்று நினைத்தாள்.

"நான் இனிமே இங்க இருக்கப் போறதில்ல" என்றான். "வேற ஒருத்தியோட இருக்கப் போறேன். உன்கிட்ட மறைக்க வேணாம்னுதான் சொல்றேன்."

அவள் கையில் தோசைக்கரண்டியோடு நின்றிருந்தாள்.

"சாப்பிட்டுட்டுப் போறீங்களா?" என்று கேட்டாள்.

அவன் உட்கார்ந்து சாப்பிட்டான். இருபத்து மூன்று வருடத்தில் முதல் முறையாகத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தான். "அம்மாவை அப்புறம் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். தொடரில் இதே பிரிவுக்குப் பதினோரு எபிசோடு ஆகியிருந்தது. மழை பெய்து, மலை உச்சியிலிருந்து ஒருவர் விழுந்து, வாயோரம் ரத்தம் வழிந்து, அதன் பிறகுதான் பிரிந்தார்கள்.

அடுத்த அறையில் அவன் அம்மா இருந்தார். மூட்டுவலிக்காரர், காது நன்றாகக் கேட்கும். அன்று அவர் எதுவும் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. மருமகளும் சொல்லவில்லை. அந்த வீட்டில் குழந்தைகள் கிடையாது. பேச்சு குறைந்ததும் குக்கர் விசில் மட்டும் பெரிதாகக் கேட்டது.

திங்கட்கிழமை காலை ஸ்டுடியோவில் இருந்தது அழுகைக் காட்சி. தளபதி நினைவிழந்து வேறொரு இளவரசியோடு போகிறான், தேவதை பனியில் மண்டியிட்டு அவன் பெயரைச் சொல்லிக் கதறுகிறாள். முதல் டேக்கிலேயே முடிந்துவிட்டது.

"அக்கா, எனக்கே புல்லரிச்சுப் போச்சு" என்றார் ஒலிப்பதிவாளர்.

"மூச்சு சரியா விழுந்துச்சா?" என்று அவள் கேட்டாள். விழுந்திருந்தது. அடுத்த தாளைப் புரட்டினாள்.

இரண்டு மாதம் கழித்துத் தொடர் ஒளிபரப்பானது. திங்கள் முதல் வெள்ளி வரை, மாலை நான்கு மணிக்கு. அவள் மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுவாள். மாமியார் காலுக்குத் தலையணை வைத்துக்கொண்டு டி.வி. முன்னால் தயாராக இருப்பார். மருமகள் குரல் அந்தத் தேவதையின் வாயிலிருந்து வருவதைக் கேட்டு முதல் நாள் சிரித்தார். நான்காவது நாளில் அதை மறந்துவிட்டார்.

"நம்ம சீரியல்ல எப்பப் பாரு ஒருத்தி விஷம் வைப்பா, இன்னொருத்தி ஒட்டுக்கேப்பா" என்றார். "இதுல பாரு, அவ செருப்புல இருக்கற மண்ணைத் தட்டி விடறதுக்கே அவனுக்கு ஒரு நாள் ஆகுது. பார்க்க நல்லா இருக்கு."

நன்றாகத்தான் இருந்தது. தரையைத் தொடும் சட்டைக் கைகள், நீலமும் வெள்ளையுமாக அரண்மனைகள், குழலூதிக்கொண்டே வரும் சண்டைக்காரர்கள். யாரும் கேஸ் சிலிண்டர் புக் பண்ண வேண்டியதில்லை. பத்தொன்பதாவது நாள் தளபதி தேவதையின் விரலைத் தொட்டான். மாமியார் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். மருமகளும் பார்த்தாள். அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. ஒரு மணி நேரம் எதுவும் தோன்றாமல் உட்கார்ந்திருக்க முடிந்ததே அவளுக்கு வசதியாக இருந்தது.

முப்பது எபிசோடுக்கு மேல் கதை இழுக்க ஆரம்பித்தது. பார்த்த காட்சிகளையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். முதல் வாரத்தில் தனியாளாகப் பாம்பரக்கனைக் கொன்ற பெண் இப்போது மயங்கி விழுவதைத் தவிர வேறு வேலை செய்வதில்லை. காற்றில் அவள் தலைமுடி பறக்கும், பின்னாலிருக்கும் மரத்தில் ஓர் இலை அசையாது. "நான் அந்தக் கடிதத்தை எழுதவில்லை" என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துபோகும் சண்டை இரண்டு வாரம் ஓடியது.

"வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கா? சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே" என்றார் மாமியார்.

ஐம்பத்திரண்டாவது எபிசோடில் தளபதி திரும்பி வந்தான். இடையில் ஐநூறு வருடம் போயிருந்தது. வாசலில் நின்று அவளை ஒரு பார்வை பார்த்தான். தேவதை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

மாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "இத்தனை வருஷம் ஆளைக் காணோம். என்ன ஏதுன்னு கேட்க வேணாமா? என்ன பொண்ணு இவ?"

"எனக்கென்ன தெரியும் அத்தை. நான் குரல்தான் குடுத்தேன்."

"குடுக்காம இருந்திருக்கலாம்."

அடுத்த வாரம் கணவன் வந்தான். மணி மூன்றரை இருக்கும், கையில் அதே பை. மெலிந்திருந்தான். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"அங்க சரியா வரல" என்றான். "தப்பு பண்ணிட்டேன். திரும்ப இங்கயே வந்துடலாம்னு பார்க்கறேன்."

அவள் கோபம் வரும் என்று காத்திருந்தாள். அழுகையாவது வரும் என்று நினைத்தாள். மரத்துப்போன காலைத் தட்டிப் பார்ப்பதுபோல் உள்ளுக்குள் தேடிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

"என்ன சொல்ற?"

"வேண்டாம்" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

அவன் தன் அம்மாவைப் பார்த்தான். "நீயாவது சொல்லும்மா."

"நான் என்னத்தைச் சொல்றது? என்னைக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டுத்தானே போன?"

"இப்ப வாம்மா, போகலாம்."

"எங்க?"

மாமியார் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "நான் இங்கயே இருக்கேன். அவ இருக்கச் சொல்ற வரைக்கும்."

அவன் மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

"இருக்கட்டும்" என்றாள் அவள்.

அவன் எழுந்து போனான். கதவை மெதுவாகத்தான் சாத்தினான். அவன் போன பிறகு மாமியார் அழுதார். பெற்ற பிள்ளை அல்லவா. தேம்பல் இல்லை, சத்தம் இல்லை, மூச்சு மாறவே இல்லை. முகம் மட்டும் நனைந்துகொண்டே இருந்தது. மைக் வைத்திருந்தால் அதில் எதுவும் பதிவாகியிருக்காது. அவள் எத்தனையோ வருடமாக அழுது காட்டியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அன்று யாரும் டி.வி. போடவில்லை.

கடைசி எபிசோடில் இருவரும் ஒளியாகக் கரைந்து, பூமியில் ஏதோ ஒரு சந்தையில் புது மனிதர்களாகப் பிறந்து, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அதோடு பாட்டு வந்துவிட்டது.

"அறுபது நாள் உட்கார வெச்சுட்டு ஒரு நிமிஷத்துல முடிச்சுட்டாங்க" என்று சொல்லிவிட்டு மாமியார் துணி மடிக்கப் போனார்.

அடுத்த தொடரில் நாயகிக்கு வேறு ஒரு சின்னப் பெண்ணைப் பிடித்துவிட்டார்கள். ஒலிப்பதிவாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "உங்களுக்கு மகாராணி வேஷம்க்கா. ஹீரோவோட அம்மா."

"அழுகை உண்டா?"

"இல்லக்கா. முழுக்கத் திட்டுதான்."

"சரி."

முதல் காட்சியில் மகாராணி தன் மகனை அரண்மனையை விட்டு வெளியே போகச் சொல்ல வேண்டும். ஒரே வரி. அவளுக்கு அது வரவில்லை. கத்தினால் கெஞ்சுவதுபோல் ஒலித்தது. ஏழு டேக் போனது. எட்டாவதில் ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சரியாக வந்துவிட்டதென்று கையைத் தூக்கினார். வெளியே வந்தபோது தொண்டை எரிந்தது. டீக்கடையில் வெந்நீர் வாங்கிக் குடித்தாள். பேருந்து வரும்வரை எரிச்சல் அடங்கவில்லை.