சோதனையில் அகப்படாத எரிவு

இரண்டாயிரத்துக்குப் பின்வந்த ஆண்டுகளில் நான் விருத்தாசலத்தில் மருத்துவம் பார்த்துவந்தேன். ஒருநாள் காலை கணேசன் என்பவர், முன்தினம் அவர் மனைவிக்கு நான் எழுதித்தந்த மாத்திரை அட்டையை என் மேசைமேல் வைத்தார்.

"ஐயா, இது மனசு சரியில்லாதவங்களுக்குக் குடுக்கறதுன்னு மருந்துக்கடையில சொல்றாங்க. அப்ப இவ சொல்ற நோவெல்லாம் பொய்யிங்களா?"

அருகில் அவர் மனைவி செல்வி தலைகுனிந்து நின்றார். பீங்கான் தொழிற்கூடத்தில், அச்சில் வார்த்த பொம்மைகளின் ஓரப் பிசிறைச் சீவுபவர். நெடுநாளாக அடிவயிற்றில் எரிவு. சிறுநீர்ப்பை நிறைய நிறைய வலி மிகும். கழித்தால் சற்றே தணியும். யூரின் கல்ச்சர், ஸ்கேன், சிறுநீர்ப்பைக்குள் குழாய் செலுத்திப் பார்க்கும் சிஸ்டோஸ்கோபி எதிலும் குறை தென்படவில்லை. சிறுநீர் கழிக்க அடிக்கடி எழுந்து செல்வதைக் கூடத்து மேஸ்திரி 'சாக்கு' என்றார். அச்சொல் இப்போது வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது.

"மொளகா அரைச்ச கை எரியுதே, கையில தீயா இருக்குது?" என்று கேட்டேன்.

"தீ ஏதுங்க?"

"ஆனா எரியறது நெசம்தானே?"

நரம்பிழைகளின் மென்படலத்தில் அயனித் தடங்கள் எனும் நுண்வாயில்கள் உள்ளன. அவற்றுள் ஒருவகையைச் சூடும் திறக்கும், மிளகாயின் காரமும் திறக்கும். திறந்ததும் மின்னூட்டம் பெற்ற உப்புத் துகள்கள் உட்புக, நரம்பு வலியை அறிவிக்கும். நாட்பட்ட சிறுநீர்ப்பை வலியில் இத்தகைய வாயில்கள் சிறு தூண்டலுக்கே திறந்துகொள்ளக்கூடும் என ஆய்வாளர்கள் அந்நாளில் எழுதிவந்தனர். நான் தந்த அமிட்ரிப்டிலின் மாத்திரை கூடிய அளவில் மனச்சோர்வுக்குத் தரப்படுவதுதான்; இங்கே, குறைந்த அளவில், நரம்பின் கிளர்ச்சியைத் தணிப்பதற்கே. இவற்றை எளிய மொழியில் கூறிவிட்டு, "தண்ணி குடிக்கறீங்களாம்மா?" என்றேன்.

"வேல முடியறவரைக்கும் குடிக்க மாட்டேனுங்க. எங்க கூடத்துல பொம்பளைங்க யாருமே குடிக்கறதில்ல. எழுந்தா பேச்சு கேக்கணும்."

நீர் குறைந்தால் சிறுநீர் செறிவடைந்து அவ்வாயில்களை மேலும் உறுத்தும் என்றேன். காரத்தையும் சிலகாலம் குறைக்கச் சொன்னேன்.

"கொழம்புல காரம் பத்தலன்னு நான்தாங்க கத்துவேன்" என்றார் கணேசன்.

"தெரு முழுக்கக் கேக்கும்" என்றார் செல்வி.

கணேசன் எழுந்தார். "மேஸ்திரிகிட்ட நான் சொன்னா நம்புவாருங்களா?"

"மொதல்ல நீங்க நம்புறீங்களா?" என்றார் செல்வி.

கணேசன் மாத்திரை அட்டையை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "வா, கூடத்துக்கு ரெண்டு பேருமா போவோம். நானே பேசறேன்."

வலி முற்றும் நீங்கவில்லை. சில திங்களில் தாங்கத்தக்க அளவுக்குக் குறைந்தது. செல்வி வேலையில் நீடித்தார். அதன்பின் இம்மருந்தை எழுதும்போதெல்லாம், நோயாளியுடன் வந்தவரையும் உள்ளே அழைத்து அமரவைத்து, அது எதற்கு என்று விளக்கிய பின்னரே சீட்டைக் கையில் தந்தேன்.