ஒழுகாத ஹூட்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும்.

ஹட்டன் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வாகனங்களுக்கு டிங்கர் வேலை செய்யும் பாஸ் ஒருவர் இருந்தார்; கைத்தொழில்காரரை எங்கள் பக்கம் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவோம். ஒல்லியான ஆள். எந்தக் காரையும் தொடுமுன் கையைச் சட்டையில் துடைத்துக்கொள்வார். தோட்டத்து மானேஜரான பெரிய துரையின் துருப்பிடித்த பழைய திறந்த காரை நாலு வருஷம் பாடுபட்டுச் சீராக்கி, புது எஞ்சின் பூட்டி, அகலச் சக்கரம் போட்டு, சிவப்புப் பெயின்ட் அடித்தார். மழைக்கு இழுத்து மூடும் கன்வஸ் ஹூட்டையும் அவரே தைத்தார்.

"பாஸ், ஒங்க மக கல்யாணத்துக்குப் பொண்ண இதுலதான் மாதா கோயிலுக்குக் கூட்டிப் போறோம்" என்றார் துரை.

கல்யாணத்தன்று தூறல். ஹூட் ஒழுகும், சீட் நனையும் என்று துரை காரைத் தரவில்லை. மகள் த்ரீவீல் ஆட்டோவில் வந்து, குடையில்லாமல் தூறலில் இறங்கினாள்.

"ஒழுகாதுன்னு சொல்லியிருக்கலாமே பாஸ்?" என்றேன்.

கையைச் சட்டையில் துடைத்தார். "நாலு வருஷமா பக்கத்துல நின்னு பாத்தவங்க. அவங்களுக்குத் தெரியாதுங்களா?"

அடுத்த ஞாயிறு, கொட்டுகிற மழையில் துரையம்மா அதே காரில் பூசைக்கு வந்தார். கோயிலில் மணி அடிக்கிற நான்தான் ஓடிப்போய்க் குடை பிடித்தேன். காரிலிருந்து இறங்கும்போதே அவர் சேலையில் ஒரு சொட்டு ஈரமில்லை. வாசலில் நின்ற பாஸ் குடையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

இதை யாருக்காவது சொன்னால் அப்படியே சொல்லுங்கள். நான் குடை பிடித்ததையும் விட்டுவிடாதீர்கள்.