கத்தரித்த பக்கமும் பின்பக்கமும்

உத்தமபாளையத்தில் எங்கள் மாடியில் குடியிருந்த பத்திர எழுத்தர் மீது போலிப் பத்திர விசாரணை நடந்தது. ஒரு நாள் காலையில் அதிகாரிகள் வந்து மாடியைச் சோதித்தார்கள். பிறகு கீழேயும் வந்தார்கள்.

"ஏங்க, ஒங்க ஃபைலையும் எடுத்துட்டுப் போறாக!" என்று என் மனைவி பதறினாள்.

அணைத் தண்ணீர் பற்றி நாளிதழில் வரும் கட்டுரைகளைக் கத்தரித்து அந்த ஃபைலில் சேர்ப்பது என் வழக்கம். அதில் என்ன குற்றம்? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

என்னை அலுவலகத்துக்கு அழைத்தார்கள். "தொலைஞ்ச பத்திரத்துக்குத்தான் போலி தயார் பண்றாங்க. நீங்க அந்த விளம்பரமா எதுக்குச் சேத்து வச்சிருக்கீங்க?" என்றார் அதிகாரி. திருப்பிப் பார்த்தேன். பல கட்டுரைகளின் முதுகில் வக்கீல் அறிவிப்பு: 'மூலப் பத்திரம் காணவில்லை'.

"சார், நான் வெட்டுனது இந்தப் பக்கம். அந்தப் பக்கத்த இன்னைக்குத்தான் பாக்குறேன்."

என்னை மூன்று முறை அலையவிட்ட பிறகே நம்பினார்கள். ஃபைல் திரும்பி வந்தது. எல்லாவற்றையும் தாளில் ஒட்டி எண் போட்டிருந்தார்கள். அறிவிப்புகள் மேலே, என் கட்டுரைகள் பசைக்கு அடியில்!

இப்போதெல்லாம் கத்தரித்த கையோடு பின்பக்கத்தை வாசித்துவிட்டு, கட்டுரையை அப்புறம் படிக்கலாம் என்று நானே நோட்டில் ஒட்டிவிடுகிறேன். இந்த வட்டாரத்தில் யாருடைய பத்திரம் தொலைந்தது என்று கேளுங்கள், சொல்வேன். அணையில் எத்தனை அடி தண்ணீர் என்று கேட்டால்தான் முழிக்கிறேன்.