புறங்கையில் பட்ட விரல்

அந்தக் கை என் கைக்குள் இருந்தது. கபடியில் பிடிப்பவர்கள் இரண்டிரண்டு பேராகக் கைகோத்து நிற்போம். எங்கள் கேப்டனின் இடக்கை எப்போதும் என் வலக்கையில்தான். அன்று ஆட்டம் சமநிலை. எதிரணியிலிருந்து கடைசியாகப் பாடி வந்தவன் உடம்பை வளைத்துக் கையை வீசினான். விரல் நுனி கேப்டனின் புறங்கையில் உரசியது, என் விரல்கள் வரைக்கும் வந்தது அந்த அசைவு. அவன் திரும்பி ஓடிவிட்டான். நடுவர் பார்க்கவில்லை, புள்ளி இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கேப்டன் என் கையை விட்டுத் தன் கையை உயர்த்தினார். கோட்டைத் தாண்டி வெளியே நடந்தார். ஒரே புள்ளியில் தோற்றோம்.

தெருவில் ஆடிப் பழகியவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் கிடையாது. பட்டால் கையைத் தூக்கிவிட்டு வெளியே போய் உட்காருவோம். அடையாற்றங்கரையில் வளர்ந்த அவருக்கும் சாந்தோமில் வளர்ந்த எனக்கும் அது ஒன்றுதான். ஆனால் நாங்கள் இப்போது தெருப் பையன்கள் இல்லையே, ஒப்பந்த ஆட்டக்காரர்கள். என் வீட்டில் எல்லாரும் வாத்தியார்கள், அதனால் இங்கிலீஷ் காகிதம் எதுவானாலும் என்னிடம்தான் வரும். கையெழுத்துப் போடும் முன் நந்தனம் மைதானத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து அவருக்கு நான்தான் படித்துச் சொன்னேன். நடத்தை பற்றியே மூன்று பக்கம்: எந்த ஷூ போட வேண்டும், யாரிடம் பேசக்கூடாது, அணியின் நலனுக்கு ஊறு செய்யக்கூடாது.

"இதுல ஆட்டத்தப் பத்தி இன்னா போட்டுக்கிறான்?" என்று கேட்டார்.

"ஒன்னும் இல்ல கேப்டன்."

"அப்போ அது நம்மகிட்டதான் கீது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

தோற்ற மறுவாரம் அணியின் தி. நகர் அலுவலகத்துக்கு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். கீழே புடவைக் கடை, மேலே கண்ணாடிக் கதவு. மேலாளர் மரியாதையான மனிதர், காபியெல்லாம் வரவழைத்தார். மூன்று கோணத்தில் படத்தை ஓட்டிக் காட்டினார். ஒன்றிலும் அந்த விரல் தெரியவில்லை. "படவே இல்ல, வேணும்னே வெளிய போயிருக்கார். பக்கத்துல நின்னது நீங்க. படலைன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க, போதும்" என்றார். அந்த வரியை வைத்து, கேப்டன் எதிரணிக்கு விலைபோனவர் என்று சொல்லி ஒப்பந்தத்தை முறிக்கலாம். மேஜையில் வெள்ளைத்தாளுக்குப் பக்கத்திலேயே என்னுடைய அடுத்த இரண்டு வருட ஒப்பந்தமும் இருந்தது. பார்க்கட்டும் என்றுதான் வைத்திருந்தார்கள்.

"பட்டது சார். நான் பார்த்தேன்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்; முடியவில்லை. "முதல் பாதியில என் இடுப்புலயும் ஒருத்தன் விரல் பட்டது. யாரும் பார்க்கல, நான் வெளிய போகல. தப்பா நடந்துக்கிட்டவன்னு வேணும்னா என்னை எழுதிக்குங்க."

அவர் சிரித்தார். "அது தப்பில்ல தம்பி, அது கேம் சென்ஸ். அதுக்குத்தானே உங்களை வெச்சிருக்கோம்."

அந்தச் சிரிப்பை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. இரண்டு காகிதத்தையும் அவர் பக்கமே தள்ளிவிட்டு எழுந்து வந்தேன்.

கீழே கூட்டத்துக்கு நடுவில் கேப்டன் காத்திருந்தார். நடந்ததைச் சொன்னதும் திட்டித் தீர்த்தார். "லூசாடா நீ? உன் பொழப்ப ஏன் கெட்த்துக்கினே?" என்றார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தோம். பிறகு மெதுவாகக் கேட்டார்: "மொத பாதில நெசமாவே பட்ச்சா?"

"பட்டது."

"எங்கிட்டகூட சொல்லலியே மச்சி."

ஒப்பந்தம் போனது எனக்கு வலிக்கவில்லை. இது வலித்தது.

என் வரி இல்லாமலே அவரை வெளியேற்றினார்கள். 'நடத்தை' என்ற ஒரே வார்த்தை பேப்பரில் வந்தது, வேறு எந்த அணியும் அவரைத் தொடவில்லை. இப்போது அவர் தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறார். நான் மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியன். அவர் விலைபோனவராமே என்று இன்றும் என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. கேளுங்கள், சலிக்காமல் சொல்வேன்: அந்தக் கை என் கைக்குள் இருந்தது.

ஆற்றங்கரை வீடுகளை இடித்து அகற்றியபோது அவர் குடும்பத்தை ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளுக்கு அனுப்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கட்டடங்களுக்கு நடுவே ஆட்டம் நடக்கும். பஸ் பிடித்து நானும் போவேன். போன வாரமும் கைகோத்து நின்றோம், அதே இடக்கை, அதே வலக்கை. பாடி வந்தவன் விரல் என் இடுப்பில் லேசாகப் பட்டது. ஒருவரும் பார்க்கவில்லை, அவனுக்கே தெரியவில்லை. நான் கையைத் தூக்கினேன்.

கேப்டன் என் கையை விட்டார். "போ மச்சி" என்றார். "அன்னிக்கு உக்காராததுக்கும் சேத்து உக்காரு."

போய் உட்கார்ந்தேன்.