போலீஸ்காரியின் மன்னிப்புக் கடிதம்

அந்த மருத்துவமனையில் பெயரைச் சொன்னால் அவளை யாருக்கும் தெரியாது; போலீஸ்காரி என்றால்தான் தெரியும். பத்தொன்பது வருஷமாகத் தரை துடைக்கிறாள். துடைத்த ஈரத்தில் பெரிய டாக்டரே கால் வைக்கப் போனாலும், "சார், அப்படியே நில்லுங்க" என்று மாப்பைக் குறுக்கே நீட்டிவிடுவாள். அவரும் மறுபேச்சுப் பேசாமல் நிற்பார். வம்பை விலைக்கு வாங்க அவருக்கென்ன பைத்தியமா?

அவளுக்கு ஒரு தங்கை இருந்தாள். துணி உலர்த்தும்போது குளவி கொட்டியது. கொஞ்ச நேரத்தில் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கிறது என்றாள். "அரிப்புதானே, குளிச்சா போயிடும்" என்று சொன்னது வேறு யாருமில்லை, போலீஸ்காரியேதான். குளிக்க எழுந்து நாலு அடி நடந்தவள் சுருண்டு விழுந்தாள். அப்புறம் எழவில்லை. அந்த வருஷம்தான் இவள் இங்கே வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த நாளிலிருந்து நர்ஸுகளை நச்சரித்து, ஏன் விழுந்தாள், என்ன செய்திருக்க வேண்டும் என்று ஒன்றுவிடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

தரை துடைப்பவளுக்கு நோயாளியின் முகத்துக்கு முன்பே கால்தான் கண்ணில் படும். அன்று காலை ஜன்னலோரக் கட்டிலுக்கு அடியில் மாப்பை விட்டபோது, தொங்கிய இரண்டு பாதங்கள் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டிருந்தன. செக்கச்செவேலென்று சிவந்திருந்தன. நிமிர்ந்து பார்த்தாள். ஐம்பது வயது அம்மா; உதடு தடித்திருந்தது. கையில் ட்ரிப்ஸ். ஐந்து நிமிஷத்துக்கு முன்புதான் நர்ஸ் புது மருந்தை மாட்டிவிட்டுப் போயிருந்தாள்.

"என்னம்மா செய்யுது?"

"உள்ளங்கால் ஒரே அரிப்பு. தொண்டைய வேற அடைக்குது." குரல் கம்மியிருந்தது.

துப்புரவு ஆட்கள் மருத்துவக் கருவிகளைத் தொடக்கூடாது. அவள் தினமும் தூசி தட்டுகிற அறிவிப்புப் பலகையிலேயே அது எழுதியிருந்தது. வராந்தாவை எட்டிப் பார்த்தாள். இந்தப் பக்கம் யாருமில்லை. அந்தப் பக்கமும் யாருமில்லை. பின்னால் அந்த அம்மா இருமினாள்.

போலீஸ்காரி திரும்பி வந்து, ட்ரிப்ஸ் குழாயிலிருந்த சின்னச் சக்கரத்தை உருட்டி மருந்தை நிறுத்தினாள். "சிஸ்டர்! மருந்து ஒத்துக்கல! ஓடி வாங்க!" என்று கட்டடமே அதிரக் கத்தினாள்.

"தலை சுத்துது. பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்" என்று அந்த அம்மா எழப் பார்த்தாள்.

"எங்கயும் போக வேண்டாம்" என்று தோளைப் பிடித்துப் படுக்க வைத்தாள். சத்தம் கேட்டு உள்ளே வந்த அந்த அம்மாவின் மகனுக்கு ரத்தம் கொதித்தது.

"எங்கம்மா மேல கை வைக்க நீ யாரு?"

"யாரா வேணா இருந்துட்டுப் போறேன். இவங்க எழுந்தா விழுந்துடுவாங்க. வந்து கால தூக்கிப் பிடி!"

அவன் பிடித்தான். ஓடி வந்த நர்ஸ் ஒரு பார்வைதான் பார்த்தாள். அட்ரினலினைத் தொடையின் வெளிப்பக்கத்தில் போட்டாள், ஆக்ஸிஜன் முகமூடியை மாட்டினாள். டாக்டர் வந்து சேர்வதற்குள் மூச்சு சீராகத் தொடங்கியது. மறுநாள்வரை கண்காணிப்பில் வைக்கச் சொன்னார். மகன் போலீஸ்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

இரண்டு நாள் கழித்து நிர்வாகி அழைத்தார்.

"உயிர் பொழைச்சது வேற விஷயம். நீ ட்ரிப்ஸைத் தொட்டது வேற விஷயம். சாயங்காலத்துக்குள்ள மன்னிப்புக் கடிதம் வரணும். இல்லன்னா நாளைலேர்ந்து வேலைக்கு வராதே."

ஒரே விஷயத்தை இப்படி இரண்டாகக் கூறுபோட நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். மாப்பைப் பிடித்துக்கொண்டு முடியாது.

"ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்கக்கா" என்று நர்ஸ் கெஞ்சினாள். "வேலை போயிடும்."

"போனா போகட்டும்" என்றாள். ஆனால் மகள் கல்லூரியில் முதல் வருஷம். வீட்டில் சம்பாதிக்கிற கை வேறில்லை. தாளும் பேனாவும் வாங்கிக்கொண்டு, மாப்புகள் சாத்தியிருந்த அறையில் உட்கார்ந்தாள். வெகு நேரம் கழித்து எழுதினாள்:

"மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ட்ரிப்ஸை நிறுத்தியதற்கு அல்ல. நிறுத்துவதற்கு முன்னால், யாரைக் கேட்கலாம் என்று அரை நிமிஷம் வராந்தாவைப் பார்த்துக்கொண்டு நின்றேனே, அதற்கு. இனிமேல் நிற்க மாட்டேன்."

நிர்வாகி அதை இரண்டு தரம் படித்தார். மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை வராந்தா ஈரமாக இருந்தது. நிர்வாகி செருப்பைக் கையில் பிடித்தபடி, குறுக்கே நீண்ட மாப்புக்கு இந்தப் பக்கம், ஈரம் காயும்வரை ஓரமாக நின்றார்.