மாட்டுக் கதவுக்கு மேலே

வால்புர்கா க்னைஸ்ல் எங்கள் ஊராட்சி அலுவலகத்தில் பிறப்பு இறப்பு பதிபவர். இருபத்தேழு வருஷமாக அதே நாற்காலி, அதே பச்சை மை. தன்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன் வந்து நின்றாலும் "உக்காருங்க, என்ன வேணும் சொல்லுங்க" என்பார். ஊராட்சியின் பனி தள்ளும் வண்டியை ஓட்டுகிற ரோமான் லாட்னர் என்கிற எனக்கும் அதே "நீங்க"தான். "லாட்னர், நீங்க தள்ளின பனி என் சைக்கிளைப் புதைச்சிடுச்சு. நீங்களே தோண்டிக் குடுங்க." நானும் "சரிங்க மேடம்" என்று தோண்டுவேன்.

எங்கள் டிரோல் மலைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆயிரம் மீட்டருக்கு மேலே போய்விட்டால் யாருக்கும் "நீங்க" கிடையாது, மந்திரியே வந்தாலும் "நீ"தான். எங்கள் ஊரே ஆயிரத்து முந்நூறில் இருப்பதால், மேய்ச்சல் நிலத்து மாட்டுக் கதவை எல்லையாக வைத்துக்கொண்டோம். வால்புர்கா அதைச் சட்டம் மாதிரி கடைப்பிடித்தார். கதவைத் தாண்டி, காலில் மாட்டிய ஸ்கீ சறுக்குப்பலகையை ஓரடி வைத்ததும் திரும்பிப் பார்த்து, "டேய் ரோமான், உன் தொப்பை இன்னொரு சுத்து பெருத்திருக்கே!" என்பாள். ஆமாம், என்பாள். கதவுக்கு மேலே அவளை "அவர்" என்று நான் நினைத்ததே இல்லை. ஒன்பது குளிர்காலம் சேர்ந்து ஏறியிருக்கிறோம். எனக்கு அதைவிட நெருக்கமான சிநேகிதம் வேறு இருந்ததில்லை, வெட்கப்படாமல் சொல்கிறேன்.

மலையில் அவள் விட்டுக்கொடுக்காத விதி ஒன்றே ஒன்று. சரிவில் ஒரு நேரத்தில் ஓர் ஆள்தான். முதலில் இறங்குபவர் பாறைக்குப் பின்னால் ஒதுங்கிக் கைக்கோலைத் தூக்கிக் காட்ட வேண்டும், அப்புறம்தான் அடுத்தவர். பனிச்சரிவில் செத்த எட்டுப் பேரைத் தன் கையால் பதிவேட்டில் எழுதியவள் அவள். "ஒன்பதாவது பேரு எழுத என்கிட்ட மை இல்ல" என்று சிரிப்பாள்.

அன்று ஏப்ரல் இருபத்தாறு. கீழே ஆற்றோரம் ஆப்பிள் மரங்கள் பூத்துவிட்டிருந்தன, நானும் வண்டியின் பனி தள்ளும் தகட்டைக் கழற்றி வைத்திருந்தேன். அதற்கப்புறம் இரண்டு நாள் வானம் பொத்துக்கொண்டு கொட்டியது. முழங்கால் ஆழத்துக்குப் புதுப்பனி, சலித்த மாவு போல. விடியும்போதே கிளம்பினோம். ஸ்கீக்கு அடியில், பின்னால் வழுக்காமலிருக்கப் பட்டையை ஒட்டிக்கொண்டு நான்கு மணி நேரம் ஏறினோம். உச்சியில் கைகுலுக்கிவிட்டு, புகையில் காய்ந்த தொத்திறைச்சியைக் கடித்துக்கொண்டு ரம் ஊற்றிய தேநீர் குடித்தோம். எதிரே சரிவில் ஒரு தடம்கூட இல்லை.

"பனி வண்டி மாதிரி எல்லாத்தையும் என் தலைமேல தள்ளிக்கிட்டு வராத. நான் கோலைத் தூக்கினதும் வா."

"சரி தாயே. நீ முதல்ல போய்ச் சேரு."

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதாடா?" என்று சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

அவள் பாதிக்கு மேல் இறங்கியிருந்தபோது எனக்குப் பின்னால் இரண்டு தலைகள் தெரிந்தன. முன்பின் தெரியாத இரண்டு இளைஞர்கள். மூச்சு வாங்கிக்கொண்டே பட்டைகளைக் கழற்றினார்கள். இருவர் கண்ணும் நான் பார்த்து வைத்திருந்த சரிவிலேயே இருந்தது. இந்த வருஷத்தின் கடைசிப் பனி, அவள் தடத்துக்குப் பக்கத்தில் அடுத்த தடத்தை எவனோ போடுவதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்குப் பாறையை எட்ட இன்னும் முப்பது மீட்டர்தான் இருந்தது. முப்பது மீட்டர்தானே! குதித்துவிட்டேன்.

மூன்றாவது வளைவில் காலடியில் "தொம்" என்று ஒரு சத்தம் கேட்டது. எனக்குக் கீழே சரிவு முழுவதும் கண்ணாடி போல விரிசல் விட்டு நகர்ந்தது. நான் விரிசலுக்கு மேலே நின்றுவிட்டேன். அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அடுத்த நொடி அங்கே அவள் இல்லை.

கத்தினேனா என்று நினைவில்லை. பனியில் புதைந்தவரைக் காட்டும் கருவி இருவர் மார்பிலும் உண்டு; என்னுடையதைத் தேடும் பக்கம் திருப்பிக்கொண்டு கீழே இறங்கினேன். முப்பத்தெட்டு மீட்டர் என்று காட்டியது, பிறகு பன்னிரண்டு, பிறகு இரண்டு. அதற்குள் அந்த இளைஞர்களும் வந்து சேர்ந்தார்கள். நீளக் கம்பியைக் குத்தியதில் மூன்றாவது குத்து மெத்தென்று ஏதோ ஒன்றில் பட்டது. வெறி பிடித்தவன் போலத் தோண்டினேன். முதலில் கையுறை வந்தது, பிறகு முகம். முகம் நீலம் பாரித்திருந்தது. வாய்க்குள் அடைத்திருந்த பனியை விரலால் வழித்து எடுத்தேன். ஒன்பதாவது பெயர், ஒன்பதாவது பெயர் என்று என் மண்டைக்குள் ஒரே இரைச்சல். அவள் இருமினாள்.

"வால்புர்கா! வால்புர்கா!" குழந்தை மாதிரி அழுதேன்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"நான் கோலைத் தூக்கலையே. நீங்க ஏன் இறங்கினீங்க?"

தலையில் இடி விழுந்தது போலிருந்தது. இரண்டாயிரத்து அறுநூறு மீட்டரில், "நீங்க".

அந்த "நீங்க"வுக்கு அர்த்தம் புரியாத இளைஞன் ஒருவன் என் தோளைத் தட்டினான். "குளிர்ல கொஞ்சம் குழம்பியிருப்பாங்க. சரியாயிடும்."

அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். குழப்பம்தான், வேறென்ன. ஹெலிகாப்டர் வந்தது. இறங்கி வந்த மீட்புக்காரனை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. "தோள்பட்டை உடைஞ்சிருக்குப்பா, நீ மெதுவா தூக்கு" என்றாள். பிறகு அந்த இளைஞனிடம், "நல்லா தோண்டினடா. உன் பேரு என்ன?" என்றாள். ஒரு குழப்பமும் இல்லை.

கடைசியாக என் பக்கம் திரும்பினாள்.

"என் ஸ்கீ ஒண்ணைக் காணோம், லாட்னர். கிடைச்சா எடுத்து வைங்க."

ஒவ்வொரு ஞாயிறும் ஏறிப்போய்த் தேடினேன். ஜூன் முதல் வாரம், உருகிய பனிக்கடியில் அது கிடைத்தது. நேராக அலுவலகத்துக்குக் கொண்டுபோயிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. மாட்டுக் கதவுக்கிட்டே வந்து வாங்கிக்கொள்ளும்படி சொல்லி அனுப்பிவிட்டு, கதவுக்கு மேல் பக்கம் பத்தடி தள்ளிப் போய் நின்றேன். வர வேண்டுமென்றால் தாண்டித்தானே வர வேண்டும். மாடுகள் மேலே வந்துவிட்டதால் கதவு சாத்தியிருந்தது. நானே திறந்து வைத்தேன்.

தோளில் இன்னும் கட்டோடு ஏறி வந்தார். திறந்த கதவைப் பார்த்தார். நான் நிற்கும் இடத்தையும் பார்த்தார். மூச்சு சீராகும் வரை கீழ்ப்பக்கமே நின்றார். பிறகு நல்ல கையை நீட்டினார்.

"கொண்டு வந்து குடுங்க, லாட்னர். கதவைச் சாத்திடுங்க, மாடு இறங்கிடும்."